‘4-3’ என்று அச்சிட்டதால் நான் தோற்ற பந்தயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டிக்குப் பக்கத்தில் நம்புதாளை எங்கள் ஊர். எனக்கு வயது 64. உங்கள் பேப்பரைப் பல வருடமாகப் படித்து வருகிறேன். காசு கொடுத்து வாங்குவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், மற்ற ஆறு நாளும் பஸ் ஸ்டாப் டீக்கடையில். அதனால் எனக்குக் குறை சொல்லும் உரிமை ஏழில் ஒரு பங்குதான் என்று நீங்கள் நினைத்தாலும் சரி, இந்த ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2025 செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை. விளையாட்டுப் பக்கத்தின் அடியில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் நியூயார்க் பக்கம் நடந்த ரைடர் கோப்பை கோல்ஃப் போட்டியில் ஐரோப்பிய அணி அமெரிக்க அணியை 15-13 என்று வென்றது பற்றியது. அதில் ஒரு வரி: அமெரிக்காவின் ஸாண்டர் ஷாஃப்லி ‘4-3 என்ற கணக்கில்’ ஐரோப்பிய அணியின் ஜான் ராமை வென்றார். அந்த ஒரு வரியால் எனக்கு எட்டு டீக் காசு போனது. டீ 12 ரூபாய், ஆக 96.

எப்படி என்று சொல்கிறேன். அந்த ஆட்டம் முடியும்போது நமக்கு நடு ராத்திரி தாண்டிவிட்டது. ஷார்ஜாவில் இருக்கும் என் மகன் விடிகாலையில் போனில் பேசி அனுப்பியிருந்தான்: “வாப்பா, ராமை ஷாஃப்லி நாலு அண்ட் மூணுல முடிச்சுட்டாரு.” திங்கட்கிழமை கடையில் உட்கார்ந்து, ராமைப் போட்டுப் புரட்டி எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். எங்கள் கடையில் கோல்ஃப் பற்றிப் பேசுகிற ஒரே ஆள் நான்தான். மற்றவர்கள் கேட்பார்கள், கேட்டுவிட்டு மறுப்பார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு தம்பி, “காக்கா, நீங்க எதையும் கூட்டித்தான் சொல்வீங்க. நாளைக்குப் பேப்பர் வரட்டும், பாப்போம்” என்றான். சரி, எல்லாருக்கும் டீ பந்தயம் என்று ஆனது. மறுநாள் பேப்பர் வந்தது. ‘4-3 என்ற கணக்கில்.’ அவன் பேப்பரை மடித்து என் முன்னால் வைத்து, “நாலுக்கு மூணு. கடைசி வரைக்கும் இழுபறி. இதுல எங்க காக்கா புரட்டி எடுத்தாங்க?” என்றான். கடையே சிரித்தது. நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அச்சில் வந்ததற்கு முன்னால் கிழவன் பேச்சு எடுபடுமா? காசைக் கொடுத்தேன்.

நான் கோல்ஃப் ஆடியவன் இல்லை. ஆடுகிறவர்கள் காலுக்குக் கீழே இருக்கும் புல்லைப் பார்த்துக்கொண்டவன். 1997 முதல் 2018 வரை 21 வருடம் வளைகுடாவில் ஒரு கிளப்பில் புல்தரை வேலை. ஊரில் என்னைப் போன்றவர்களைச் சபுராளி என்பார்கள். மற்ற சபுராளிகள் கடையில் நின்றார்கள், லாரி ஓட்டினார்கள். நான் குழி வெட்டினேன். உண்மையாகவே குழிதான். கிரீன் என்று சொல்கிற அந்த வழவழப்பான புல் திட்டில், பந்து போய் விழுகிற குழியைத் தினமும் ஒரே இடத்தில் வைத்தால் சுற்றியுள்ள புல் மிதிபட்டுச் செத்துவிடும். அதனால் விடியுமுன்னே போய் இடம் மாற்ற வேண்டும். இரும்புக் குழாய் மாதிரி ஒரு கருவி, மேலே இரண்டு கைப்பிடி. அதைப் புல்லில் வைத்து நேராக அழுத்தித் திருகினால் மண்ணோடு புல் ஒரு உருளையாகக் கழன்று வரும். அந்த உருளையைக் கொண்டுபோய் நேற்றைய குழியில் இறக்கி, காலால் மெல்ல அழுத்தி, தண்ணீர் தெளித்தால் நேற்று அங்கே குழி இருந்ததே தெரியாது. கொஞ்சம் சாய்ந்து திருகினாலும் குழியின் வாய் ஒரு பக்கம் உப்பிக்கொள்ளும், பந்து விளிம்பில் தட்டி வெளியே போகும், நாள் முழுக்க வசவு நமக்கு. உலகத்தில் எங்கே போனாலும் குழியின் அகலம் 108 மில்லிமீட்டர்தான். பந்து 43 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக இரண்டரைப் பந்து அகலம். ஒரு மைதானத்தில் 18 குழி. 21 வருடத்தில் எத்தனை வெட்டியிருப்பேன் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அந்தக் குழிகளில் யார் எப்படி ஜெயித்தார்கள், தோற்றார்கள் என்று ஓரமாக நின்று பார்த்ததுதான் என் படிப்பு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்க்காரர்கள் கோல்ஃப் என்று உட்கார்ந்து பார்த்தது ஒரே ஒரு நாள், 2021 ஆகஸ்ட் 7. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் அதிதி அசோக் கடைசி நாள் ஆடிய காலை. ஒரே ஒரு அடியில் வெண்கலம் தவறி நாலாம் இடம். அன்று சாயங்காலம் நீரஜ் சோப்ரா தங்கம் வாங்கிவிட்டதால் காலையில் நடந்ததை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஆனால் ஒன்றை மட்டும் எங்கள் கடை மறக்கவில்லை: கோல்ஃபில் எண் குறைய வேண்டும், குறைந்தவர்தான் ஜெயிப்பார். நான்தான் அன்று சொல்லிக் கொடுத்தேன். அதே வாயால் இந்த முறை 15-13ல் 15 எடுத்தவர்கள் ஜெயித்தார்கள் என்றேன். “அன்னைக்குக் குறைஞ்சா ஜெயம்னீங்க, இன்னைக்குக் கூடினா ஜெயமா?” என்று டீ மாஸ்டர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

இரண்டும் வேறு வேறு ஆட்ட முறை. ஒலிம்பிக்கில் அதிதி ஆடியது அடிகளின் மொத்தத்தை எண்ணும் முறை. நாலு நாள், 72 குழி, எல்லா அடிகளையும் கூட்டு, குறைந்த கூட்டுத்தொகைக்காரர் முதல். எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழாவுக்கு நடக்கும் பாய்மரப் படகுப் போட்டி மாதிரி. எல்லாப் படகும் சேர்ந்து ஓடும், யார் முன்னால் வந்தார் என்பதுதான் கணக்கு. ரைடர் கோப்பை அப்படியில்லை. அது மேட்ச் பிளே, அதாவது ஆளுக்கு ஆள் மோதுவது.

அதைக் கடையில் இப்படித்தான் சொன்னேன். இரண்டு வல்லம். 18 நாள் கடலுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்ததும் யாருக்குப் பாடு, அதாவது பிடித்த மீன், அதிகம் என்று பார்க்கிறோம். அதிகம் பிடித்தவருக்கு அந்த நாள் சொந்தம். ஒரு கிலோ கூடினாலும் சரி, ஒரு டன் கூடினாலும் சரி, கிடைப்பது ஒரே ஒரு நாள்தான். இருவருக்கும் சமமாக இருந்தால் அந்த நாள் யாருக்கும் இல்லை. மறுநாள் பழைய கணக்கு எதுவும் கிடையாது, எல்லாம் புதிதாகத் தொடங்கும். கடைசியில் கிலோவைக் கூட்டுவதில்லை, யார் எத்தனை நாள் கூடுதலாக ஜெயித்தார் என்று மட்டும் பார்ப்போம். இதில் நாள் என்று சொன்ன இடத்தில் குழி என்று போட்டுக்கொள்ளுங்கள். அதிகப் பாடு என்பதற்குப் பதில் குறைந்த அடி. அவ்வளவுதான் மேட்ச் பிளே. ஒருவர் ஒரு குழியில் பந்தைத் தண்ணீரிலும் மணலிலும் போட்டுப் பத்து அடி அடித்து நாறினாலும் போவது ஒரு குழி மட்டும். மொத்தத்தை எண்ணும் முறையில் அந்தப் பத்து அடி அவரைக் கடைசி வரை துரத்தும்.

அடுத்ததுதான் நீங்கள் கோட்டை விட்ட இடம். பதினைந்து நாள் முடிந்தபோது என் வல்லம் நாலு நாள் முன்னால் இருக்கிறது, இன்னும் மூன்று நாள்தான் பாக்கி என்று வையுங்கள். எதிரி வல்லம் அந்த மூன்று நாளையும் ஜெயித்தாலும் என்னைப் பிடிக்க முடியாது. அப்புறம் எதற்கு டீசலைச் செலவழிப்பது? அங்கேயே கை குலுக்கிவிட்டு முடித்துவிடுவார்கள். இதைத்தான் இங்கிலீஷ்காரன் ‘4 அண்ட் 3’ என்று எழுதுகிறான். முதல் எண், எத்தனை குழி முன்னிலை. இரண்டாவது எண், ஆடாமல் மிச்சம் விட்ட குழி எத்தனை. இரண்டாவது எண் எதிராளி எடுத்தது இல்லை, ஐயா! அது யாருக்கும் சொந்தமில்லாத, யாரும் மிதிக்காத குழிகளின் எண்ணிக்கை. அதைத் தூக்கி ராம் கணக்கில் எழுதி ‘4-3’ ஆக்கிவிட்டீர்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. பந்தயத்தில் தோற்ற ராத்திரி தூக்கம் வராமல் காலண்டர் தாளின் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே பிடிபட்டது. முன்னிலை மிச்சத்தைத் தாண்டிய அந்த நிமிடமே ஆட்டம் முடிந்துவிடுகிறது. அதனால் இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே வித்தியாசம் எப்போதும் ஒன்று, அல்லது மிஞ்சிப்போனால் இரண்டு. 2 அண்ட் 1, 3 அண்ட் 2, 4 அண்ட் 2, 5 அண்ட் 4, 5 அண்ட் 3, எல்லாம் அந்த ஒன்று, இரண்டுக்குள்தான். நீங்கள் நடுவில் ஒரு கோடு இழுத்துவிட்டால் எப்பேர்ப்பட்ட அடியும் நெருக்கமான ஆட்டம் போலத்தான் தெரியும். 18 குழி ஆட்டத்தில் இதற்கு மேல் அவமானம் கிடையாது என்கிற தோல்வி 10 அண்ட் 8. முதல் பத்துக் குழியையும் ஒருவரே வரிசையாக ஜெயித்து, மற்றவர் ஒரு குழியைக்கூடச் சமன் செய்ய முடியாமல் பத்தாவதிலேயே தொப்பியைக் கழற்றியிருக்கிறார் என்று அர்த்தம். அதை உங்கள் பக்கத்தில் ‘10-8 என்ற கணக்கில்’ என்று போட்டால், கடைசி நிமிடத்தில் இரண்டு கோல் போட்டு ஜெயித்தார் என்று எங்கள் கடை முடிவு செய்துவிடும்.

உண்மையில் நெருக்கமான ஆட்டத்துக்கு இரண்டாவது எண்ணே வராது. 18 குழியும் ஆடி முடித்து ஒரு குழி வித்தியாசத்தில் ஜெயித்தால் ‘1 அப்’. மிச்சமே இல்லை, அப்புறம் என்ன இரண்டாவது எண்? அதே நாளில் ஸ்காட்டி ஷெஃப்லர், ரோரி மெக்கில்ராயை ஜெயித்தது இப்படித்தான், 1 அப். உலகத்தின் முதல் இரண்டு ஆட்டக்காரர்கள், கடைசிக் குழி வரை போன மோதல். அதை நீங்கள் போடவே இல்லை, இடமில்லை போலிருக்கிறது.

இனி அணிக் கணக்கு. ஒரு அணிக்கு 12 பேர், மூன்று நாள், மொத்தம் 28 ஆட்டம். ஒவ்வொரு ஆட்டமும் ஜெயித்தால் அணிக்கு ஒரு புள்ளி, 18 குழியும் முடிந்து சமனாக நின்றால் ஆளுக்கு அரை. நாலு அண்ட் மூணில் ஜெயித்தாலும் ஒரு புள்ளி, 1 அப் என்று மூச்சு வாங்கி ஜெயித்தாலும் ஒரு புள்ளிதான். ஷாஃப்லி நாலு குழி முன்னிலை எடுத்ததால் அமெரிக்காவுக்குக் கால் புள்ளிகூடக் கூடவில்லை.

முதல் இரண்டு நாளும் ஜோடி ஜோடியாக ஆடுவார்கள், அதில் இரண்டு விதம். ஒன்றில் ஜோடிக்கு ஒரே பந்து, இருவரும் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். இதன் பேர் ஃபோர்சம்ஸ். ஒரே வல்லத்தில் நீ ஒரு முறை வலை போடு, நான் ஒரு முறை போடுகிறேன் என்பது போல. நீ வலையைக் கடலடிப் பாறையில் சிக்க வைத்தால் எடுக்க வேண்டியவன் நான். கிளப்பில் மைத்துனர்கள் இரண்டு பேர் இதில் ஜோடி சேர்ந்து ஆடிவிட்டு ஒரு வருடம் பேசாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று ஃபோர்பால். நாலு பேரும் அவரவர் பந்தை ஆடுவார்கள், ஜோடியில் யாருடையது நல்ல கணக்கோ அதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்கு இரண்டு வல்லம் இருந்து, அன்றைக்கு எதில் பாடு அதிகமோ அதை மட்டும் காட்டுகிற மாதிரி. இதில் தைரியமாக ஆடலாம், ஒருவன் சொதப்பினாலும் மற்றவன் இருக்கிறான். இப்படி இரண்டு நாளில் 16 ஆட்டம். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேரும் தனித்தனியே, 12 ஆட்டம். கிளப்புகளில் ஆடும்போது திறமை குறைந்தவருக்குச் சில குழிகளில் ஒரு அடி சலுகை தருவதும் உண்டு. அது இந்தப் பெரிய போட்டிகளில் கிடையாது, அதனால் விட்டுவிடுகிறேன்.

28 புள்ளியில் கோப்பையைப் பறிக்க வேண்டுமானால் 14½ வேண்டும். ஏற்கெனவே கோப்பையைக் கையில் வைத்திருக்கிற அணிக்கு 14 போதும், சமனானால் கோப்பை பழைய வீட்டிலேயே இருக்கும். 2023ல் ரோமில் ஜெயித்ததால் ஐரோப்பாவிடம் கோப்பை இருந்தது. அதனால்தான் ஐரோப்பாவின் ஷேன் லோரி, ரஸல் ஹென்லியை ஜெயிக்காமல் கடைசிக் குழியில் ஆட்டத்தைச் சமன் செய்ததற்கே அந்தக் குதி குதித்தார். அந்த அரைப் புள்ளியோடு ஐரோப்பாவுக்கு 14. உங்கள் செய்தியைப் படித்தவர்களுக்கு, டிரா செய்தவன் எதற்குக் குதிக்கிறான் என்றுதான் தோன்றியிருக்கும்.

கடைசி நாள் அமெரிக்கா எடுத்தது எட்டரைப் புள்ளி. 12ல் எட்டரை என்பது லேசு இல்லை. 1999ல் அமெரிக்காவும் 2012ல் ஐரோப்பாவும் 10-6 என்று பின்தங்கியிருந்து, கடைசி நாளில் இதே எட்டரையை எடுத்துத்தான் 14½-13½ என்று கோப்பையைத் தூக்கினார்கள். இந்த முறை அமெரிக்கா 11½-4½ என்று ஏழு புள்ளி பின்னால் இருந்தது, எட்டரை போதவில்லை. இந்த எண்களுக்கு நடுவே கோடு போடுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இது உண்மையிலேயே இரண்டு அணிகளின் கணக்கு.

இன்னொரு பிழையும் இருந்தது. விக்டர் ஹோவ்லாண்டும் ஹாரிஸ் இங்கிலிஷும் ‘ஆடி சமன் செய்தனர்’ என்று போட்டிருந்தீர்கள். அவர்கள் ஆடவே இல்லை. ஹோவ்லாண்டுக்குக் கழுத்தில் வலி, இறங்க முடியவில்லை. இப்படி யாருக்காவது ஆகலாம் என்று இரண்டு கேப்டன்களும் முன்கூட்டியே ஒரு உறையில் தங்கள் அணியில் ஒரு பேரை எழுதி ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். எதிரணியில் ஒருவர் விழுந்தால், உறையில் பேர் இருப்பவர் உட்கார்ந்துவிடுவார், ஆளுக்கு அரைப் புள்ளி. அமெரிக்க உறையில் இருந்தது ஹாரிஸ் இங்கிலிஷின் பேர். (பேர்தான் இங்கிலிஷ், ஆள் அமெரிக்கர். இதற்கும் கடையில் தனியாக ஒரு சண்டை நடந்தது.) அமெரிக்கக் கேப்டன் கீகன் பிராட்லி இந்த விதியை மாற்ற வேண்டும் என்று அப்புறம் சொன்னார். மாற்றலாம், மாற்றாமலும் இருக்கலாம். ஆனால் ஆடாதவர்களை ஆட வைக்காதீர்கள்.

மேட்ச் பிளேயில் எனக்குப் பிடித்ததும், என்னை ஒரு முறை அவமானப்படுத்தியதும் ஒன்று உண்டு. விட்டுக் கொடுப்பது. எதிராளியின் பந்து குழிக்குப் பக்கத்தில் நிற்கிறது, அடுத்த அடியில் கட்டாயம் விழும் என்று தெரிகிறது. அப்போது நீங்கள் “சரி, எடுத்துக்கோ” என்று சொல்லிவிடலாம். அவர் அடிக்காமலே அந்த அடி விழுந்ததாகக் கணக்கு. கொடுத்த பிறகு கொடுத்தவர் திரும்பப் பெற முடியாது, வாங்கியவரும் வேண்டாம் என்று மறுக்க முடியாது. அடிகளை மொத்தமாக எண்ணும் முறையில் இதற்கு இடமே இல்லை, ஒரு சாண் தூரம் என்றாலும் அடித்தே தீர வேண்டும்.

கொடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. காலையிலிருந்து இரண்டடி, மூன்றடி தூரத்தில் நிற்கும் பந்தை எல்லாம் தாராளமாகக் கொடுத்துக்கொண்டே வருவார்கள். பதினாறாவது குழியில் அதே இரண்டடி தூரத்துக்கு வாயைத் திறக்க மாட்டார்கள். அது வரை அப்படிப்பட்ட பந்தை அடித்தே பார்க்காத ஆள், திடீரென்று கை நடுங்கித் தவற விடுவார். நான் வெட்டிய 108 மில்லிமீட்டர் குழி, அந்த நேரத்தில் அவர் கண்ணுக்கு ஊசிக் காதாகத் தெரியும்.

என் கதைக்கு வருகிறேன். வேலைக்குப் போய் ஐந்தாவது வருடம் என்று ஞாபகம். ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்துக் கிளப்போடு எங்கள் கிளப்புக்கு அணி ஆட்டம், எட்டு ஜோடி தனி ஆட்டம். பை தூக்கும் கேடிகள் இரண்டு பேருக்குக் காய்ச்சல், புல்தரையிலிருந்து என்னைக் கூப்பிட்டுப் பையைத் தோளில் மாட்டிவிட்டார்கள். என் ஆட்டக்காரர் வயதான மனிதர், அதிகம் பேச மாட்டார். பதினேழாவது குழி வரை ஒரு குழி முன்னிலை. பதினெட்டாவதில் அவர் தூரத்திலிருந்து உருட்டிய பந்து குழிக்கு ஒன்றரை அடியில் வந்து நின்றது. எதிராளி “குட்” என்றார். கிளப்பில் விட்டுக் கொடுக்கும்போது சொல்லும் வார்த்தையும் அதுதான். நான் பாய்ந்து போய்ப் பந்தை எடுத்துவிட்டேன். எதிராளி, “நல்லா உருட்டினாய் என்றுதான் சொன்னேன், கொடுக்கவில்லை” என்றார். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. என் ஆட்டக்காரர் ஒன்றும் சொல்லாமல் ஒரு அடி அபராதத்தை ஏற்றுக்கொண்டார். குழி போனது, ஆட்டம் சமன். எங்கள் அணி 4½-3½ என்று ஜெயிக்க வேண்டியது 4-4 ஆனது.

போகும்போது வழக்கமான கூலியையே கையில் வைத்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்துக் கிளப்பில் விதி தெரிந்த ஒருவர் சொன்னார்: எதிராளி சொன்ன வார்த்தையை விட்டுக் கொடுத்ததாக நினைக்க நியாயம் இருந்தால் அபராதம் கிடையாது, பந்தைப் பழைய இடத்தில் வைத்து ஆடலாம். அங்கேயே அப்போதே முறையிட்டிருக்க வேண்டுமாம். அத்தனை பேர் நின்றிருந்தும் யாருக்கும் அந்த நிமிடத்தில் அது தோன்றவில்லை.

அதனால்தான் 2015ல் ஜெர்மனியில் நடந்த சோல்ஹைம் கோப்பை பற்றி மகன் சொன்னபோது எனக்கு வயிறு கலங்கியது. சோல்ஹைம் என்பது பெண்களின் ரைடர் கோப்பை. அமெரிக்காவின் அலிசன் லீ ஒன்றரை அடித் தூரத்தில் நின்ற பந்தை, எதிராளிகள் விட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக் கையில் எடுத்துவிட்டார். அவர்கள் நகர்ந்து போக ஆரம்பித்திருந்தார்கள், ஆனால் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. எதிராளிகளில் ஒருவரான சுசான் பெட்டர்சன், நாங்கள் கொடுக்கவில்லை என்றார். விதிப்படி சரி, அபராதம் விழுந்தது, அந்தக் குழியும் ஆட்டமும் ஐரோப்பாவுக்குப் போனது. அன்று பிற்பகல் நடந்த தனி ஆட்டங்களில் அமெரிக்கப் பெண்கள் 10-6 என்ற பின்னடைவிலிருந்து எழுந்து 14½-13½ என்று கோப்பையையே எடுத்துக்கொண்டார்கள். பெட்டர்சன் மறுநாள் மன்னிப்புக் கேட்டார். விதி அவர் பக்கம்தான் இருந்தது, ஊர் அவர் பக்கம் இல்லை.

1969ல் இங்கிலாந்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். கடைசி நாள், கடைசி ஆட்டம், கடைசிக் குழி. அணிகள் சமன், ஆட்டமும் சமன். அமெரிக்காவின் ஜாக் நிக்லஸ் தன் பந்தைக் குழியில் போட்டுவிட்டார். இங்கிலாந்தின் டோனி ஜாக்லின் இரண்டு மூன்று அடித் தூரத்திலிருந்து போட வேண்டும். தவற விட்டால் அமெரிக்கா ஜெயிக்கும். நிக்லஸ் குனிந்து, ஜாக்லின் பந்து இருந்த இடத்தில் வைத்திருந்த அடையாளக் காசைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டார், அடிக்க வேண்டாம் என்று. 16-16. அந்தப் போட்டியின் வரலாற்றில் முதல் சமன் அதுதான். கோப்பை அமெரிக்காவிடம் ஏற்கெனவே இருந்ததால் அவர்களிடமே தங்கியது. ஆனாலும் சொந்த அணிக்காரர்கள் சிலருக்கு நிக்லஸ் மேல் கோபம். எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. நானாக இருந்தால் கொடுத்திருப்பேனா என்று கேட்டால், அந்த “குட்” சம்பவத்துக்கு முன்னால் கொடுத்திருக்க மாட்டேன், பின்னால் கொடுத்திருப்பேன்.

நம் நாட்டு ஆள் ஒருவரும் இந்த அரைப் புள்ளியில் வெந்திருக்கிறார். 2015ல் கொரியாவில் நடந்த பிரசிடெண்ட்ஸ் கோப்பை. அமெரிக்காவுக்கு எதிராக, ஐரோப்பா தவிர்த்த உலக அணி. அதில் ஆடிய முதல் இந்தியர் அனிர்பன் லாஹிரி. கடைசி நாள் கிறிஸ் கிர்க்கோடு கடைசிக் குழி வரை சமன். கிர்க் தூரத்திலிருந்து ஒன்றை உள்ளே இறக்கிவிட்டார். லாஹிரிக்கு ஒரு ஆள் நீளம்கூட இல்லாத தூரம், விளிம்பில் தட்டி வெளியே வந்தது. 1 அப், கிர்க். மொத்தக் கணக்கு அமெரிக்கா 15½, உலக அணி 14½. லாஹிரியின் பந்து விழுந்து அந்த அரை வந்திருந்தால் 15-15. அந்தக் குழியை வெட்டினவன் யாரோ, அவனுக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆசிரியர் ஐயா, உங்கள் விளையாட்டுப் பக்கத்துத் தம்பிகளிடம் கேட்பது அதிகம் இல்லை. ‘4 முன்னிலை, 3 மீதம்’ என்று போட்டால் போதும், எங்கள் கடையில் யாருக்கும் புரியும். கடைசிக் குழி வரை போன ஆட்டமானால் ‘ஒரு குழி வித்தியாசத்தில்’ என்று எழுதலாம். சமனானால் ‘ஆளுக்கு அரைப் புள்ளி’. அடுத்து 2026 செப்டம்பரில் அமெரிக்காவில் மெடினாவில் பிரசிடெண்ட்ஸ் கோப்பை இருக்கிறது, 2027ல் அயர்லாந்தில் ரைடர் கோப்பை. அவகாசம் நிறைய இருக்கிறது.

வலை பின்னும் தம்பியிடம் இந்தக் கடிதம் எழுதப் போவதைச் சொன்னேன். “பேப்பர்ல வந்தா 96 ரூபாயைத் திருப்பித் தர்றேன் காக்கா” என்று எல்லார் முன்னிலையிலும் ஒத்துக்கொண்டிருக்கிறான். டீ மாஸ்டர் சாட்சி. அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். கடிதத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளுங்கள். அச்சுக்கோக்கிற தம்பி மட்டும், நான் ‘4 அண்ட் 3’ என்று எழுதியிருக்கும் இடத்தில் பிழை திருத்துவதாக நினைத்து நடுவே கோடு போட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
குழி வெட்டிய சபுராளி,
நம்புதாளை, இராமநாதபுரம் மாவட்டம்